ஓர் ஒழுங்கையிலிருந்து தொடங்குவோம்: திருகோணமலையில் அயலட்டையைச் சேர்த்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மாரி தொடங்கி நாலாம் நாள் இரவு எங்கள் ஒழுங்கையின் கடைசி மூன்று வீடுகளுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. மதகுக்குள் ஒரு பழைய மெத்தை சொருகி நின்றதுதான் காரணம் என்று விடிந்த பிறகுதான் தெரிந்தது. அந்த மெத்தை புரட்டாதி மாதத்திலிருந்தே கானுக்குள், அதாவது ஒழுங்கையோர வடிகாலுக்குள், கிடந்தது. போகும்போதும் வரும்போதும் எல்லோரும் பார்த்தோம். நானும் பார்த்தேன். இரண்டு பேர் பிடித்து இழுத்திருந்தால் பத்து நிமிட வேலை. கடைசி வீட்டு ஆச்சி அன்றிரவு கட்டிலுக்கு மேல் கதிரையை ஏற்றி வைத்து, அதில் குந்தியபடி விடியும்வரை இருந்திருக்கிறார். அவரிடம் அயலில் ஒருவருடைய போன் இலக்கம்கூட இருக்கவில்லை. அவருடைய இலக்கம் என்னிடமும் இல்லை. இருபது வருடமாக ஒரே கானின் இரண்டு கரையில் குடியிருக்கிறோம்.

அந்த மாரிக்குப் பிறகு நாங்கள் செய்து பார்த்தவை, பிழைத்துப்போனவை, பிறகு திருத்திக்கொண்டவை எல்லாவற்றையும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

திருகோணமலை ஆட்களுக்குக் கூடி வேலை செய்யத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வரும்போது பாருங்கள், பின்னேரத்துக்குள் வீதி முழுக்கத் தோரணமும் நிறைகுடமுமாக மாறிவிடும். நவராத்திரிக்குக் கும்பம் வைக்கும் இடங்களில் பெடியன்கள் இரவிரவாக நிற்பார்கள். கரைவலை இழுக்கும்போது கரையில் நிற்கிற வழிப்போக்கனும் கயிற்றில் கை வைப்பான். செத்த வீடென்றால் ஒருவரும் கூப்பிடாமலே கதிரை வரும், வெள்ளைக் கொடி ஏறும், சாப்பாடு வரும். ஆனால் இவை எல்லாம் சொந்தம், கோயில், பள்ளிவாசல், தொழில் என்ற வழியால் கூடுகிற கூட்டங்கள். கான் அப்படி ஓடுவதில்லை. அது தமிழ் வீட்டுப் பின்வளவில் தொடங்கி, முஸ்லிம் வீட்டு மதிலோரம் வளைந்து, சிங்கள வீட்டு முன்படலையைக் கடந்து கடலுக்குப் போகிறது. ஆகவே ஒரே கானையும் ஒரே லைட் போஸ்டையும் ஒரே நுளம்பையும் யார் யார் பகிர்கிறார்களோ, அவர்களைத்தான் இந்த வழிகாட்டியில் அயல் என்கிறேன். கோயிலால் கூடாத இவர்களைக் கானால் கூட்டுவதுதான் வேலை.

1. எல்லையை மழை நாளில் நடந்து பாருங்கள்

கிராம உத்தியோகத்தர் பிரிவை அலகாக எடுக்காதீர்கள். ஒரு பிரிவில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருக்கும். அவ்வளவு பேரைச் சேர்க்க வெளிக்கிட்டால், கடைசியில் வழக்கமாக எல்லாச் சங்கத்திலும் இருக்கிற அதே பத்துப் பேர்தான் வந்து நிற்பார்கள். இருபதிலிருந்து நாற்பது வீடு போதும். எங்களுடையது முப்பத்தியொரு வீடு.

எது எல்லை என்று எப்படிப் பார்ப்பது? நல்ல மழை விட்டதும் குடையோடு இறங்கி நடவுங்கள். யார் வளவுத் தண்ணீர் யாருடைய கானுக்குள் விழுகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே மதகு விழுங்காமல் கக்குகிறது என்று பாருங்கள். அந்தத் தண்ணீர் போகிற வீடுகள் எல்லாம் உள்ளே வரவேண்டும், படலை வேறு வீதிக்குத் திறந்தாலும் சரி. எங்களுக்கு அப்படி நாலு வீடு இருந்தது. முதல் வருடம் அவர்களை விட்டுவிட்டோம். அவர்களுடைய பின்வளவுக் குப்பைதான் எங்கள் கானை நிரப்பியது.

வாடகைக்கு இருப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். வேறு மாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்து அறை எடுத்திருக்கும் தாதிமார், ஆசிரியர்கள், உப்புவெளிப் பக்கம் ஹோட்டல்களில் வேலை செய்யும் பெடியன்கள் என்று நகரத்தில் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருப்பார்கள். "அவையள் நாளைக்குப் போற ஆக்கள்" என்று கணக்கில் எடுக்காமல் விடுவது எங்கள் வழக்கம். ஆச்சிக்கு இரவில் நெஞ்சு நோவு வந்தபோது முதலில் ஓடி வந்தது அப்படி வாடகைக்கு இருந்த ஒரு தாதிப் பிள்ளைதான்.

2. படலையடியில் நின்று கதையுங்கள், கொப்பி இல்லாமல்

இரண்டு பேராகப் போங்கள். ஒரு ஆணும் ஒரு பெண்ணும் போனால் எல்லா வீட்டிலும் கதவு திறக்கும். முடிந்தால் இரண்டு வேறு சமூகத்தவராக இருக்கட்டும். நான் போனது சந்திக் கடைக்கார நானாவின் மனைவியோடு. அந்த லாத்தாவைத் தெரியாத வீடு எங்கள் பக்கம் இல்லை.

கையில் கொப்பி, படிவம், பேனை ஒன்றும் வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். யுத்த காலத்தில் வீட்டில் எத்தனை பேர், யார் வந்தது, யார் போனது என்று எழுதிக்கொடுத்த ஞாபகம் இந்த ஊரில் ஒருவருக்கும் போகவில்லை. முன்பின் கதைக்காத ஒருவர் படலையடியில் நின்று பெயர் எழுதத் தொடங்கினால், உள்ளே ஒரு அம்மாவுக்கு நெஞ்சு அடிக்கும். கதையுங்கள், வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதுங்கள். அடுத்த முறை போகும்போது, "நீங்கள் சொன்னதை இப்படி எழுதி வைத்திருக்கிறேன், சரியா?" என்று காட்டுங்கள்.

நேரம் பார்த்துப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை மதியமும் மஃரிப் நேரமும் முஸ்லிம் வீடுகளுக்குச் சரிவராது. இரவுத் தொழிலுக்குப் போகிற மீன்பிடிக் குடும்பங்களில் முற்பகல் தூக்கம். பின்னேரம் நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையில், பிளேன்ரீ ஊற்றுகிற நேரத்தில் போனால் கதை தானாக நீளும். "இருங்கோ, ரீ குடிச்சிட்டுப் போங்கோ" என்று சொல்லும் வீட்டில் கட்டாயம் இருங்கள். ஒரு பின்னேரத்துக்கு மூன்று வீட்டுக்கு மேல் போக முடியாது. போகவும் வேண்டாம்.

கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. இந்த ஒழுங்கையில் உங்களுக்கு எது கரைச்சல்? ஆத்திர அவசரத்துக்கு நீங்கள் இங்கே யாரைக் கூப்பிடுவீர்கள்? உங்களுக்குக் கைவந்த வேலை என்ன? இரண்டாவது கேள்விக்குப் பலர் பதில் சொல்லாமல் வீதியைப் பார்ப்பார்கள். அந்த மௌனம்தான் நீங்கள் தேடி வந்த தகவல். மூன்றாவது கேள்விக்குத் தயங்குபவர்களிடம், "உங்களிடம் யார் என்ன உதவி கேட்டு வருவார்கள்?" என்று மாற்றிக் கேளுங்கள். உடனே வரும்.

சிங்களம் தெரியாவிட்டால் தெரிந்த அயலவர் ஒருவரை அழைத்துப் போங்கள். அரைகுறையாகப் பேசினாலும் பரவாயில்லை. எங்கள் ஓய்வுபெற்ற மாத்தயா ஒருவர் நான் பிழையாகச் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் திருத்தித் திருத்தியே எனக்குச் சிநேகிதராகிவிட்டார்.

3. இல்லாததை விட இருப்பதை எழுதுங்கள்

இப்போது கொப்பியை எடுக்கலாம். குறை எழுதத் தொடங்கினால் பக்கம் போதாது, எழுதி முடிய மனமும் சோர்ந்துவிடும். அதனால் முதல் பக்கத்தில் ஒழுங்கைக்குள் இருக்கிற வளத்தை எழுதுங்கள்: நீள ஏணி யாரிடம், தண்ணீர் இறைக்கும் மோட்டர் எங்கே, கோடையிலும் வற்றாத கிணறு எது, ஓட்டோ யாரிடம், இரவில் விழித்திருப்பவர் யார். எங்கள் கொப்பியில் இரண்டு மேசன், ஒரு எலக்ட்ரீசியன், ஒரு குடும்பநல உத்தியோகத்தர், சிங்களத்தில் கடிதம் எழுதக்கூடிய மூன்று பேர், மரம் ஏறுபவர் ஒருவர் என்று வந்தது. முப்பத்தியொரு வீட்டுக்கு இது பெரிய சொத்து.

மேசன்மாரில் ஒருவர்தான் மதகின் கதையை விளக்கினார். மெத்தையை எடுத்தாலும் தண்ணீர் சரியாகப் போகாது, ஏனென்றால் வீதியைப் பிறகு உயர்த்தியபோது மதகின் வாய் கானின் அடியை விட நாலு விரல் உயரத்தில் நின்றுவிட்டது என்று ஒரு தடியை விட்டுக் காட்டினார். அதைச் சொல்ல வெளியிலிருந்து ஒரு நிபுணரும் வரவேண்டியிருக்கவில்லை.

4. முதல் வேலையைச் சரியாகத் தெரிந்தெடுங்கள்

ஒரு அரை நாளில் முடிய வேண்டும். முடிந்ததும் எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். காசு சேர்க்கவோ அனுமதிக்குக் காத்திருக்கவோ தேவையில்லாததாக இருக்க வேண்டும். விளையாட்டுத் திடல், வாசிகசாலைக் கட்டடம் என்று தொடங்கினால் இரண்டாம் மாதமே கதை நின்றுவிடும்.

என்னைக் கேட்டால், முதல் வேலை நுளம்பும் கானும்தான். டெங்கு நுளம்பு பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் சில நூறு மீற்றருக்கு அப்பால் போவதில்லை. உங்கள் பிள்ளையைக் குத்திய நுளம்பு உங்கள் ஒழுங்கையில்தான் எங்கோ பிறந்திருக்கும். நீங்கள் எவ்வளவு துப்புரவாக வளவு வைத்திருந்தாலும், பூட்டிக் கிடக்கிற மூன்றாவது வீட்டின் பீலியில் நிற்கும் தண்ணீர் போதும். 2017 இல் நாடு முழுவதும் 180,000 க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்ததும், அந்த வருடத் தொடக்கத்திலேயே கிண்ணியா படாத பாடு பட்டதும் இங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதனால் இந்த வேலைக்கு ஆள் சேர்க்க அதிகம் விளக்கத் தேவையில்லை.

முட்டை நுளம்பாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் எடுக்கும். ஆகவே வருடத்துக்கு ஒரு பெரிய சிரமதானத்தை விட வாரத்துக்கு ஒரு கால் மணித்தியாலம் அதிகம் பலன் தரும். சிரட்டை, குரும்பை, தயிர்ச் சட்டி, பழைய டயர் எல்லோரும் பார்ப்பார்கள். பார்க்காமல் விடுவது கூரைப் பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பாவிக்காத கழிவறைக் குழி, கட்டி முடிக்காத வீட்டின் கொங்கிரீட் தொட்டி. இன்னொன்று, தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் பிறகு பொரிக்கும். உள்ளே உரஞ்சிக் கழுவ வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு, நாங்கள் பி.எச்.ஐ. என்பவருக்கு, முதலே சொல்லிவிடுங்கள். பூட்டிய வீடுகள் விஷயத்தில் அவர் செய்யக்கூடியதை நீங்கள் செய்ய முடியாது.

5. மண் அள்ளும் நாள்

நாள் குறிப்பதுதான் எங்களுக்கு மண்வெட்டியை விடப் பாரமாக இருந்தது. எல்லோரும் ஞாயிறு காலை என்பார்கள். ஞாயிறு காலை தேவாலயம், அறநெறி வகுப்பு, தஹம் பாடசாலை, பிள்ளைகளுக்கு ரியூசன். கடைசியில் கைகொடுத்தது நிலவுதான். வெளிச்சம் பாய்ச்சி இரவில் மீன் பிடிப்பவர்களுக்கு முழுநிலவை ஒட்டிய நாட்களில் தொழில் குறைவு, வீட்டில் நிற்பார்கள். ஒழுங்கையில் கையில் பலம் உள்ளவர்கள் அவர்கள்தான். ஆகவே புரட்டாதியில், பெருமழைக்கு முன், போயாவுக்கு அடுத்து வரும் சனிக்கிழமை காலை ஆறரை என்று வைத்தோம். அப்போதிருந்து அதுவே எங்கள் நாள்.

முதல் தடவை நாங்கள் விட்ட பிழையை நீங்கள் விடாதீர்கள். கானிலிருந்து அள்ளிய சேற்றைக் கரையில் குவித்துவிட்டு, அடுத்த நாள் உள்ளூராட்சிச் சபையின் ட்ரக்டர் வந்து ஏற்றும் என்று வீட்டுக்குப் போய்விட்டோம். ட்ரக்டர் வர ஒரு கிழமை ஆனது. அதற்குள் ஒரு மழை பெய்து அவ்வளவு சேறும் திரும்பக் கானுக்குள் போய்விட்டது. ட்ரக்டர் வருகிற நாளை முதலில் உறுதிப்படுத்திக்கொண்டு அதற்குப் பிறகுதான் மண்வெட்டியைத் தூக்க வேண்டும்.

காலில் புண் உள்ளவர்கள் கானுக்குள் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். சப்பாத்து இல்லாவிட்டால் கரையில் நின்று கடகம் வாங்கட்டும். வயது போனவர்களுக்கும் வேலை கொடுங்கள். எங்கள் ஆச்சி கதிரை போட்டு இருந்து, எந்த வீட்டு மண்வெட்டி எது, எந்த அலவாங்கு யாருடையது என்று கவனித்துத் திருப்பிக் கொடுத்தார். ஒரு சாமானும் மாறிப் போகவில்லை. பெண்களை ரீ ஊற்ற மட்டும் நிறுத்தாதீர்கள். ஒழுங்கையின் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும் என்பது பகல் முழுக்க வீட்டில் நிற்பவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஒன்பதரைக்கு நிறுத்திவிடுங்கள், வேலை மிச்சம் இருந்தாலும். களைத்துப் போய் வீடு திரும்பியவர் அடுத்த முறை வரமாட்டார். முதல் முறை எங்களுக்கு இருபத்திரண்டு பேர் வந்தார்கள். இரண்டாம் முறை ஏழு பேர். அன்று எனக்கு அழுகையே வந்தது. மூன்றாம் முறை பதினெட்டு. இந்த ஏற்ற இறக்கம் எங்கும் இருக்கும், ஏழு பேர் வந்த நாளில் ஏழு பேருக்கான வேலையைச் செய்யுங்கள். வராதவர்களின் படலையைப் பார்த்துச் சத்தமாகக் கதைக்காதீர்கள்.

6. கூட்டம்: வேலைக்குப் பிறகுதான்

ஒருமுறையாவது சேர்ந்து சேறு அள்ளியவர்களைக் கூட்டுங்கள். அதற்கு முன் கூட்டம் வைத்தால் தலைவர் யார், செயலாளர் யார் என்பதிலேயே பொழுது போய்விடும்.

தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்துக் கமக்காரர்களிடம் இதற்கு நல்ல முறை இருக்கிறது. போகம் தொடங்க முன் வயற்காரர்களும் அதிகாரிகளும் கூடி, எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, எப்போது விதைத்து முடிப்பது, மாட்டை எப்போது அப்புறப்படுத்துவது என்று முடிவெடுப்பார்கள். அந்தக் கூட்டம் திகதிகளோடு முடியும். நாளைக்கு ஒருவர் பிந்தினால் எதைக் காட்டிக் கேட்பது என்பது எல்லோருக்கும் தெரியும். நீங்களும் அப்படித்தான் முடிக்க வேண்டும்: எந்த நாள், எந்த வேலை, யார் பொறுப்பு. ஒரே தாளில், தமிழிலும் சிங்களத்திலும், சந்திக் கடைச் சுவரில்.

கூட்டத்தைக் கோயில் மண்டபத்திலோ பள்ளிவாசல் வளவிலோ வைக்க வேண்டாம். எவ்வளவு நல்ல மனதோடு கூப்பிட்டாலும் சிலர் வாசலோடு நின்றுவிடுவார்கள். முன்பள்ளி வளவு, வேப்பமர நிழல், ஒழுங்கையின் நடு என்று எல்லோருக்கும் பொதுவான இடமாகப் பாருங்கள். முக்கால் மணித்தியாலம் போதும். ஒவ்வொரு முடிவையும் மற்ற மொழியில் சொன்ன பிறகே அடுத்ததற்குப் போங்கள். கூட்டம் நீளும், நீளட்டும்.

7. காசு

எனக்குத் தெரிந்து அயலில் கூட்டு முயற்சிகள் உடைவது பெரும்பாலும் இங்கேதான். களவு நடந்ததால் உடைந்ததை விடக் கணக்குக் காட்டாததால் உடைந்தவைதான் அதிகம். ஆகவே முதல் ஆறு மாதம் காசே சேர்க்காதீர்கள். சாமானாகவும் கைவேலையாகவும் வாங்குங்கள். ஒருவர் அரை மூட்டை சீமெந்து, ஒருவர் ஒரு நாள் மேசன் வேலை, ஒருவர் எல்லோருக்கும் பிளேன்ரீ. எங்கள் மதகின் வாயைத் தாழ்த்தியது, சபையின் சம்மதம் கிடைத்த பிறகு, இப்படித்தான்.

அதற்குப் பிறகு காசு தேவைப்பட்டால், ஊருக்கு ஏற்கனவே தெரிந்த வடிவத்தைப் பாருங்கள். மரண சகாய சங்கம் எத்தனையோ வருடமாக நிற்பதற்குக் காரணம் என்ன? சந்தா சிறியது, எல்லோருக்கும் ஒன்று. எதற்குச் செலவாகும் என்பது முதலே தெரியும். கொட்டகையும் கதிரையும் கண்முன்னே வந்து இறங்கும். அதே மூன்றையும் பிடியுங்கள். சேர்ப்பவர் ஒருவர், வைத்திருப்பவர் வேறொருவர், எழுதுபவர் மூன்றாமவர். மூவரும் ஒரே குடும்பத்தவராக இருக்கக் கூடாது. நூறு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு. மாத முடிவில் வரவு, செலவு, மிச்சம் மூன்று வரியாகக் கடைச் சுவரில். தர முடியாத வீட்டின் பெயரை எழுதி ஒட்டவே கூடாது. அந்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளை வந்து அலவாங்கு பிடித்தால் அது சந்தாவை விடப் பெறுமதி.

வெளியிலிருந்து வருகிற காசில் இன்னும் கவனம் வேண்டும். 2004 டிசம்பர் 26 கடல் வந்துபோன பிறகு இந்தக் கரையோரம் முழுக்க உதவி வந்தது. உயிர் கொடுத்த உதவி அது, மறக்கக் கூடாது. ஆனால் வள்ளமும் வலையும் வாங்குவதற்கென்றே அமைத்த சங்கங்கள், அவை பங்கிட்டு முடிந்த மாதமே கலைந்துபோனதை என் கண்ணால் கண்டேன். சில இடங்களில் பட்டியலில் யார் பெயர் இருந்தது என்ற கோபம் இன்னும் மிச்சம் இருக்கிறது. தேர்தல் காலத்தில் ஒருவர் வந்து லைட் போட்டுத் தருகிறேன் என்றால், நன்றி சொல்லி வாங்கலாம். பெயர்ப்பலகை கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒழுங்கையில் பாதிப்பேர் வேறு கட்சியாக இருப்பார்கள்.

8. கந்தோர் வேலை

எது யாரிடம் என்பது தெரிந்தால் பாதி அலைச்சல் குறையும். கான், மதகு, வீதி விளக்கு, குப்பை ஆகியவை உள்ளூராட்சிச் சபையின் வேலை. நுளம்பும் அசுத்தமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. வதிவிட உறுதி, நிவாரணம், குடும்ப விபரம் கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகம். பெரிய வீதிகள் சில வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையவை, அந்த வீதிக் கானுக்குச் சபையில் போய் நின்று பயனில்லை.

வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். ஒரே கடிதம், பல கையெழுத்து, இரண்டு பிரதி. ஒன்றில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். தமிழிலேயே எழுதுங்கள், அது உங்கள் உரிமை. பதில் வராவிட்டால் சண்டைக்குப் போக வேண்டாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தக் கந்தோரின் தகவல் அலுவலருக்கு எழுதிக் கேளுங்கள்: எங்கள் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, இந்த வருடம் இந்தக் கானுக்கு நிதி ஒதுக்கப்பட்டிருக்கிறதா? ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு செய்ய வேண்டும். மரியாதையாக எழுதிய இரண்டு வரியில் பல மாதம் தூங்கிய கடிதம் எழும்பி நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சனசமூக நிலையமாகவோ கிராம அபிவிருத்திச் சங்கமாகவோ பதிய வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். வங்கிக் கணக்கோ கட்டடமோ தேவை வரும்போது பதியலாம். அவசரம் இல்லை.

9. கோபமும் வதந்தியும்

வேலிச் சண்டை, பக்கத்து வளவுக்குள் உதிரும் மாவிலை, இரவில் ஒலிபெருக்கி, அவிழ்த்துவிட்ட நாய் இல்லாத ஒழுங்கை இல்லை. இவற்றைக் கூட்டத்தில் எடுக்காதீர்கள். நாற்பது பேர் முன்னால் ஒருவர் தான் பிழை என்று ஒத்துக்கொள்ளவே மாட்டார். இருவருக்கும் வேண்டிய ஒருவர் தனித்தனியாகக் கதைக்கட்டும். தீராவிட்டால் பொலிஸுக்கு முன் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. சட்டத்தரணி தேவையில்லை, இருபகுதியும் இருந்து பேசி ஒரு இணக்கத்துக்கு வருவதுதான் அங்கே நடப்பது.

வதந்தி வேறு விஷயம். அது இந்த ஊரில் உயிரோடு விளையாடுகிற சாமான். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வந்த நாட்களில், அதுவரை ஒன்றாக ரீ குடித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தயங்கியது எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆகவே அமைதியான காலத்திலேயே ஒரு ஏற்பாடு செய்துவையுங்கள். ஒவ்வொரு சமூகத்திலும் இரண்டு வீட்டை, மற்றவர்கள் நம்புகிற வீடுகளாகப் பார்த்து, ஒருவருக்கொருவர் நேரே போன் எடுக்கிறவர்களாக வையுங்கள். எங்கேயாவது ஒரு பிரச்சினை என்று கேள்விப்பட்டால் அவர்கள் முதலில் ஒருவரோடொருவர் கதைக்க வேண்டும். "நானா, இப்படி ஒரு கதை வருது, உங்கட பக்கம் என்ன சொல்லுகினம்?" இந்த ஒரு கேள்வியைக் கேட்கக்கூடிய ஆள் இருந்தால் போதும், பாதிக் கதை அங்கேயே செத்துவிடும்.

ஒழுங்கைக்கு வட்ஸ்அப் குழு வைத்தால் ஒரே விதிதான்: ஒழுங்கைக்குள் நடப்பது மட்டும். தண்ணீர் வெட்டு, காணாமல் போன ஆடு, மருந்துக்கு ஓட்டோ, செத்த வீட்டுச் செய்தி. எங்கிருந்தோ வந்த காணொளியை முன்னனுப்பினால் குழுவை நடத்துபவர் அதை அழித்துவிட்டு, அனுப்பியவரோடு தனியாகக் கதைப்பார். குழுவில் வைத்துக் கண்டிக்கக் கூடாது.

10. மாரிக்கு முன் ஒரு தாள்

ஐப்பசி பிறக்க முன் கொப்பியில் ஒரு பக்கம் புதிதாக எழுதுங்கள். நடக்க முடியாதவர் யார், கர்ப்பிணி யார், தனியாக இருப்பவர் யார், இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டியவர் யார்? ஒவ்வொருவருக்கும் இரண்டு பேரின் பெயர், தூக்கிக்கொண்டு போகிறவர்களாக. ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் மற்றவர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது எங்களுக்கு உதவியது இந்தத் தாள்தான். ஆச்சியை இரவு எட்டு மணிக்கே மேல்மாடி வீட்டுக்கு ஏற்றிவிட்டோம். அங்கே அவருக்குப் பாய் விரித்துக் கொடுத்தது, அதுவரை அவரோடு ஒரு சொல்லும் கதைத்திராத சிங்களக் குடும்பம்.

தாளின் அடியில் மூன்று இலக்கம் பெரிதாக: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, சுவசெரிய அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. ஒவ்வொரு வீட்டிலும் குசினிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டுங்கள்.

11. வேலி தாண்டும் சட்டி

பொங்கலுக்குப் புக்கை, நோன்பில் கஞ்சி, வெசாக்குக்குத் தன்சல், நத்தாருக்குக் கேக். இவை ஏற்கனவே வேலி தாண்டுகின்றன. முன்பு அடுத்த வீட்டோடு நின்றதை மூன்றாவது நாலாவது வீட்டுக்கும் நீட்டுங்கள், அவ்வளவுதான். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர், ஹலால் பார்ப்பவர் யார் என்று தெரியாத வீட்டுக்கு வாழைப்பழம் அனுப்புங்கள். பிள்ளைகளின் கையில் கொடுத்து விடுங்கள். சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்ற பழக்கம் எங்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறது. அந்தச் சட்டி இரண்டு தரம் போய் வந்தால் மூன்றாம் தரம் ஆட்களும் போய் வருவார்கள்.

12. ஒழுங்கையைத் தாண்டி

உங்கள் ஒழுங்கை ஒரு வருடம் நின்று பிடித்தால் பக்கத்து ஒழுங்கை தானாகக் கேட்கும். அப்போது இரண்டும் சேர்ந்து எடுக்க நான் சிபாரிசு செய்வது குப்பைப் பை விஷயம். கோட்டைக்குள்ளும் நகர வீதிகளிலும் திரிகிற எங்கள் புள்ளிமான்கள், இரவில் படலையடியில் வைத்த பையைக் கிழித்துச் சோற்று மணத்துக்குப் பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகின்றன. உக்கும் குப்பையை வளவுக்குள் குழியில் போட்டு, மற்றதை வண்டி வருகிற காலையில் மட்டும் வெளியே வைத்தால் மானுக்கும் நல்லது, கானுக்கும் நல்லது. இரண்டு ஒழுங்கை சேர்ந்து ஒரே காலையில் செய்தால்தான் பலன் தெரியும்.

அதோடு, கொப்பியைக் கைமாற்றுங்கள். ஒவ்வொரு தையிலும் புதிய இரண்டு பேர், ஒருவர் முப்பது வயதுக்குக் கீழ். நான் மூன்று வருடம் வைத்திருந்தேன், அது இரண்டு வருடம் கூடிவிட்டது. எல்லாக் கேள்விக்கும் என் படலைக்கே வரத் தொடங்கிவிட்டார்கள். இப்போது கொப்பி கடைக்கார நானாவின் மகளிடமும் மேல்மாடி வீட்டு மல்லியிடமும் (அந்தச் சிங்களத் தம்பியிடமும்) இருக்கிறது. போன கிழமை அவர்கள் இருவரும் என் வீட்டுக்கு வந்து, பீலியில் தண்ணீர் நிற்கிறது, ஏணி வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். ஏணி கடைசி வீட்டு ஆச்சியிடமிருந்து வந்தது.